ஞானதீபம் கண்டுபிடித்த உடன்பிறப்புகள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தை உருட்டிவிட்டதற்கும் அடுத்தபடியான பெரும் பாய்ச்சல், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நிகழ்ந்தேறியது. லிஃப்ட் ரிப்பேர் என்பதால் வரலாறு படியேறித்தான் வர வேண்டியிருந்தது. வந்ததும் அதற்குக் கேக் வெட்டினார்கள்.

பாய்ந்தவர் பெயர் தேவராஜ். 'மணியோசை' என்ற மென்பொருளின் முதலாளி. மணியோசை, கத்தோலிக்கக் கோயில்களுக்கானது. இன்னாருக்காகப் பூசை என்று பூசைக்கருத்து பதிவது, ஞானஸ்நானச் சான்றிதழ் அச்சடிப்பது, கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று காட்டுவது, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாள் தயாரிப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. பல வருடமாக அதை முனகாமல் செய்துவந்தது. ஒரே ஒரு குறை. ஞானஸ்நானச் சான்றிதழை அச்சடித்தால் கூடவே ஒரு வெற்றுத்தாளும் வெளியே வரும். அதைச் சரிபண்ணச் சொல்லி ஆவடிப் பக்கம், பூந்தமல்லிப் பக்கம் என்று எல்லாக் கோயில் அலுவலகங்களும் போன் போட்டுக்கொண்டே இருந்தன. தேவராஜும் 'அடுத்த வெர்ஷன்ல' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் அவர் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போனார். கழுத்தில் அட்டையோடு போனவர் கண்ணில் ஜுரத்தோடு திரும்பி வந்தார். மேடையில் யாரோ சொன்னார்களாம், ஏஐ வைக்காத மென்பொருள் எல்லாம் இன்னும் ஆறு மாதத்தில் செத்துவிடும் என்று. அதைச் சொன்னவர் விற்றது என்ன என்று தேவராஜ் கேட்கவில்லை. ஏஐ விற்கிறவர் வேறு என்ன சொல்வார் என்றும் யோசிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பட்டியல் போடும் மென்பொருள் சாகப்போகிறது என்பதை மட்டும் மனதில் இருத்திக்கொண்டு வந்தார்.

கேக்குக்குப் பின்னால் ஒரு பேனர். அதில் ஒரு ரோபோ, பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு, கைகூப்பி நிற்கிறது. கீழே 'ஞானதீபம்: இனி உங்கள் பங்கும் சிந்திக்கும்'. பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த சபை. இத்தனை நாள் அது சிந்திக்கவில்லை என்பது பங்குத்தந்தைகளுக்கே புதிய செய்தியாக இருந்திருக்கும்.

ஜெயகுமாரி கையில் ஒரு துண்டு கேக்கைப் பிடித்துக்கொண்டு அந்த ரோபோவைப் பார்த்தாள். அவள் மணியோசையின் சோதனைப் பிரிவுத் தலைவி. பிரிவில் மொத்தம் அவள் ஒருத்திதான் என்பதால் தலைமை தாங்குவதில் சிரமம் எதுவும் இல்லை. மென்பொருளில் எது புதிதாக வந்தாலும் அவள் தட்டிப் பார்த்து, 'தேர்ச்சி' என்று பொத்தானை அழுத்தினால்தான் வெளியே போகும். கேக் வாயில் வைக்கும் முன்னே அவளுக்குத் தித்திப்பு திகட்டியது.

"யார் சார் கேட்டா இத?" என்றாள்.

"யாரும் கேக்கலம்மா. கேக்கறதுக்கு முன்னாடி குடுக்கறதுதான் இன்னோவேஷன்."

"கேட்டத மொதல்ல குடுத்துட்டா என்ன சார்? அந்த வெத்துத்தாள்..."

"ஜெயா, உலகம் எங்கயோ போயிட்டிருக்கு. நீ இன்னும் பேப்பர்லயே நிக்கிற."

ஞானதீபத்தை எங்கே பொருத்துவது என்பதில் தேவராஜுக்குக் குழப்பமே இல்லை. எல்லா இடத்திலும் பொருத்தினார். பூசைக்கருத்தில் பொருத்தினார், கல்லறையில் பொருத்தினார், கடைசியில் திருமண ஓலையிலும் பொருத்தினார்.

ஓலை என்றால் ஒன்றுமில்லை. கோயிலில் ஒரு கல்யாணம் நடக்கவேண்டுமென்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் அதை அறிவிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று. அறிவிப்புத் தாளில் அதற்குக் கீழே 'தடை' என்று ஒரு கட்டம் இருக்கும். காலிக் கட்டம். பங்குத்தந்தை இரண்டு வீட்டாரையும் நேரில் கூப்பிட்டு விசாரித்து, ஏதாவது இருந்தால் தன் கையால் எழுதுவார். அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. உலகத்தில் காலியாக இருந்தால்தான் நல்லது என்று சொல்லக்கூடிய கட்டம் அது ஒன்றுதான்.

அந்தக் கட்டம்தான் தேவராஜின் கண்ணை உறுத்தியது.

"இது ஏன்யா காலியா இருக்கு?" என்று ஆசிக்கைக் கேட்டார். முகமது ஆசிக்தான் ஞானதீபத்தைப் பொருத்தியவன். ஆவடிக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கத்தோலிக்கச் சடங்குகளை முக்கால்வாசிக் கத்தோலிக்கர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவன். வேலை அப்படி.

"அது காலியாத்தான் சார் இருக்கும். தடை இன்னான்னு ஃபாதர் விசாரிச்சு எய்துவாரு."

"ஏஐ-ய வச்சுட்டு காலியா காட்டினா, காசு குடுக்கறவன் என்னய்யா நினைப்பான்? உள்ள ஒருத்தன் ஒக்காந்து யோசிக்கிறான், ஆனா ஒன்னும் சொல்ல மாட்டேங்குறான்னா அவன் எதுக்கு? எதையாச்சும் சொல்லணும்."

"இல்லாதத எப்டி சார் சொல்றது?"

"அதுக்குத்தான்யா ஏஐ."

இவ்வாறாக, சீனாய் மலையில் கிடைத்த பத்துக் கட்டளைகளுக்குப் பிறகு பதினோராவது அம்பத்தூரில் பிறந்தது: எந்தக் கட்டமும் காலியாக இருத்தலாகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயகுமாரி சோதனை செய்தாள். மணமகன் ஒன்று, தந்தை ஒன்று, மணமகள் இரண்டு, தந்தை இரண்டு. சோதனை செய்கிறவர்கள் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். சொந்தப் பெயர் வைத்தால் எங்காவது அச்சாகித் தொலையும். ஞானதீபம் யோசித்து, 'குறிப்பிடத்தக்க தடை தென்படவில்லை. எனினும் இருவரும் மனம்விட்டுப் பேசுவது நலம்' என்று எழுதியது. கல்யாணப் பொருத்தம் பார்க்கிற ஜோசியக்காரன் சொன்ன மாதிரி இருந்தது. அசட்டுத்தனம்தான், ஆபத்தில்லை. 'இந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்க வேண்டும்' என்று ஒரு புகார் எழுதிப் போட்டாள். தேவராஜ் அதை 'தேவையில்லை' என்று மூடினார். அவளுக்கும் அதற்கு மேல் மல்லுக்கட்ட நேரமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகள் ஆஷ்லிக்கு முதல் ஓலை. அம்பத்தூர் ஓ.டி.யில் தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கப் போகணும். 'தேர்ச்சி' என்று அழுத்திவிட்டுப் படியிறங்கினாள்.

ஆஷ்லியின் மாப்பிள்ளை இவான். சென்னீர்குப்பத்தில் வீடு. அப்பா டெம்போ வைத்திருக்கிறார். அவர் பெயர் இக்னேஷியஸ். ஜெயகுமாரியின் கணவர் அண்ணனூர் ரயில் கார்ஷெட்டில் வேலை. அவர் பெயரும் இக்னேஷியஸ். இதில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இருந்ததில்லை. ஒரு பங்குக்குப் பாதுகாவலராக எந்தப் புனிதரோ, அவருடைய திருவிழா மாதத்தில் பிறக்கும் ஆண்பிள்ளைக்கெல்லாம் அவர் பெயர்தான். ஜூலையில் பிறந்தால் இக்னேஷியஸ், ஜூனில் பிறந்தால் அந்தோணி. அந்தக் காலனியிலேயே கார்ஷெட் இக்னேஷியஸ், பால் இக்னேஷியஸ், துபாய் இக்னேஷியஸ் என்று வரிசையாக இருந்தார்கள். சம்பந்தம் பேசிய அன்று இரண்டு இக்னேஷியஸும் கைகுலுக்கிக்கொண்டு, "உங்க பேரு?" "அதேதான்" என்று சிரித்ததோடு விஷயம் முடிந்தது.

மனிதர்களோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டைக் கோயிலில் எட்டு மணிப் பூசை. நற்கருணை முடிந்து பங்குத்தந்தை பீடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் கண்மூடி அமர்ந்தார். அது தியானமா, வேறெதுவுமா என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியார் ஆனந்தன் அறிவிப்புத் தாளோடு மைக்குக்கு வந்தார். ஆனந்தனுக்கு ரயில் நிலைய அறிவிப்புக் குரல். இறப்பையும் பிறப்பையும் நன்கொடையையும் ஒரே சுருதியில் வாசிப்பார். தாளில் இருப்பது வாயில் வரும், நடுவில் மூளை என்ற நிறுத்தத்தில் வண்டி நிற்காது.

"முதல் ஓலை. முத்தாபுதுப்பேட்டை இக்னேஷியஸ், ஜெயகுமாரி ஆகியோரின் மகள் ஆஷ்லிக்கும், சென்னீர்குப்பம் இக்னேஷியஸ், ராணி ஆகியோரின் மகன் இவானுக்கும் திருமணம் நடைபெற உள்ளது. தடை. மணமக்கள் இருவரின் தந்தையும் ஒருவரே எனத் தெரியவருகிறது. தாயார் வேறு வேறு. ஆகவே இவர்கள் ஒரே தந்தையின் பிள்ளைகளாக இருக்க மிகுந்த வாய்ப்புள்ளது. அடுத்து, போர்வெல் மோட்டார் பழுதுபார்க்க நன்கொடை வழங்கியவர்கள்."

மோட்டாருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஜெயகுமாரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. அந்த 'மிகுந்த வாய்ப்புள்ளது' என்ற நடை அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவளே அதற்குத் தேர்ச்சி போட்டிருந்தாள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் முன்னால் குனிந்து, ஆறுதல் சொல்லும் குரலில், "ஏன்டி ஜெயா, உங்க ஊட்டுக்காரு நைட் ஷிஃப்ட் நைட் ஷிஃப்ட்னு போவாரே, அதெல்லாம் கார்ஷெட்டுக்குத்தானா?" என்றாள்.

பக்கத்தில் இக்னேஷியஸ், இஸ்திரி போட்ட சட்டையில், தனக்கே தெரியாமல் தான் செய்துவிட்ட ஏதோ ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கோயில் வாசலைத் தாண்டும்போதே போன் வந்தது. ராணி. சென்னீர்குப்பம் பக்கத்துக் கோயிலும் மணியோசைதான். அங்கேயும் அதே நேரம், அதே ஓலை, அதே தடை.

"இன்னா சம்மந்தி இது?" என்றாள் ராணி. "எங்க ஊட்டுக்காரரு கோயில்லயே பெஞ்சுல குந்திகினு கீறாரு, எய்ந்திரிக்க மாட்டேன்றாரு."

"சம்மந்தி, அது மிஷின் பண்ண தப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, அது ஒரே ஆளுன்னு..."

"மிஷின் இன்னாத்துக்கு எங்க ஊட்டு விஷயம் பேசுது? எங்க ஆபீஸ்ல செஞ்ச மிஷின்தான் உங்க கோயில்லயும் கீதுன்னு போன மாசம் நீதானே பெருமையா சொன்ன?"

ஜெயகுமாரி போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"நல்லா ரோசன பண்ணிப் பாரு சம்மந்தி. ஒரே அப்பான்னா எந்த அப்பா? உன் ஊட்டுக்காரரா, என் ஊட்டுக்காரரா? எப்டி வச்சுப் பாத்தாலும் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி நாறிப் போறா. இங்க என்னியப் பாக்கறாளுங்க, அங்க உன்னியப் பாப்பாளுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குத் தெரியும் அது பொய்யின்னு. அது வேற. ஓலையில படிச்சுட்டான், ஓலையிலதான் போவணும். மூணாவது ஓலைக்குள்ள சுத்தமா வரணும். வரலன்னா எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன். கோவிச்சுக்காத."

வீட்டில் ஆஷ்லி கதவைச் சாத்திக்கொண்டாள். நிலைமையை இலேசாக்குகிறேன் பேர்வழி என்று இவான் 'சாப்ட்டியா தங்கச்சி' என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தான். அதோடு அவனோடும் பேச்சு நின்றது.

இக்னேஷியஸ் வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அந்த டெம்போக்காரரு நல்ல மனுஷன்தான். ஆனா நைன்ட்டி செவன்ல அண்ணனூர் பக்கம் லோடு அடிச்சேன்னு ஒரு தடவ சொன்னாரு இல்ல?" என்றார்.

ஜெயகுமாரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு வார்த்த பேசினீங்கன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கும் அந்த மிஷினத்தான் கேக்கணும்."

அவர் மறுபடி மின்விசிறிக்குத் திரும்பினார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்குள், ஒன்றுமே தெரியாத ஒரு பொம்மை ஒரே ஒரு வரியில் புகுந்து உட்கார்ந்துவிட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் போன்கள் அலறிக்கொண்டிருந்தன. மணியோசை இருக்கும் கோயில்களில் எல்லாம் ஞானதீபம் தன் ஞானத்தைக் காட்டியிருந்தது. அந்தோணி மகளுக்கும் அந்தோணி மகனுக்கும் தடை. சவரிமுத்து மகளுக்கும் சவரிமுத்து மகனுக்கும் தடை. ஞானதீபம் சொல்வதை நம்பினால், அந்தோணி, சவரிமுத்து, சூசை, இக்னேஷியஸ் என்ற நான்கே நான்கு ஆண்கள் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்துத்தான் இந்த மறைமாவட்டத்தையே பெற்றெடுத்திருக்க வேண்டும்.

தன் அறைக்குள் தேவராஜ் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஜெயா, யோசிச்சுப் பாரு. இத்தன வருஷத்துல இந்த மென்பொருள் ஒரு தடையாவது கண்டுபிடிச்சிருக்கா? ஒரே ஞாயித்துக்கெழமையில முப்பது."

"முப்பதும் தப்பு சார்."

"தப்புதான். ஆனா எவ்ளோ தைரியமா சொல்லுது பாத்தியா."

"சார், என் பொண்ணு கல்யாணம் நிக்குது. அத எடுத்துடுங்க. பழையபடி காலிக் கட்டம் போதும்."

"எடுக்கறதா?" தேவராஜ் தன் இருதயத்தைக் கேட்ட மாதிரி நெஞ்சில் கை வைத்தார். "லிங்க்டின்ல போட்டாச்சும்மா. இன்னும் ரெண்டு வாரத்துல முதலீட்டாளர் வர்றாரு. ஏஐ இருந்துச்சு, எடுத்துட்டோம்னு சொல்றதுக்கு ஏஐ இல்லவே இல்லன்னு சொல்லலாம். உலகத்துல எவனாவது வச்ச ஏஐ-ய எடுத்திருக்கானா? எல்லாரும் வைக்கிறான். ஏன் வைக்கிறான்? எல்லாரும் வைக்கிறான்னு வைக்கிறான். நாம மட்டும் எடுத்தா நமக்கு ஏதோ வியாதின்னு நினைப்பான்."

அவ்வளவு நேர்மையாக அந்தத் தொழிலில் யாரும் பேசி ஜெயகுமாரி கேட்டதில்லை. பேசியது அவருக்கே தெரியாது என்பதால் பாராட்டவும் வழியில்லை.

"உன் கஷ்டம் புரியுது," என்று தேவராஜ் கனிந்தார். "ஒன்னு பண்ணலாம். வர்ற ஞாயிறு எல்லாக் கோயில்லயும் ஒரு மன்னிப்பு அறிவிப்பு போட்டுடலாம்."

"நான் எழுதித் தர்றேன் சார்."

"நீ எழுதினா அது பழைய முறை. ஞானதீபமே எழுதட்டும். தப்பு பண்ணது அதுதானே? பண்பாடா கேக்கட்டும்."

பண்பாடாகவே கேட்டது. இரண்டாவது ஞாயிறு ஆனந்தன் அதே சுருதியில் வாசித்தார். "கடந்த வாரம் உடன்பிறப்புகள் என அறிவிக்கப்பட்ட ஆஷ்லி, இவான் ஆகியோரின் மனம் புண்பட்டிருப்பின் வருந்துகிறோம். ஒரு குடும்பத்தின் இரகசியம் பொதுவில் வெளிப்படுவது வேதனையானது. இத்தருணத்தில் இவர்களது தந்தை இக்னேஷியஸ் அவர்களுக்கும், இரு தாயார்களுக்கும் எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். இரண்டாம் ஓலை. தடை. மேற்படி."

பெஞ்சில் யாரோ தும்மினார்கள். தும்மல் மாதிரி இல்லை.

பூசை முடிந்ததும் ஜெயகுமாரி ஆனந்தனைப் பிடித்தாள். "அண்ணே, அடுத்த வாரம் அந்த வரிய மட்டும் உட்டுட்டுப் படிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"தாள்ல இருக்கறதப் படிக்கறதுதாம்மா என் வேல," என்றார் ஆனந்தன். "ரெண்டு வாரமாக் கேட்டவங்க, மூணாவது வாரம் உட்டுட்டுப் படிச்சா, ஜெயாகிட்ட என்ன வாங்கினான்னு என்னைத்தான் கேப்பாங்க."

பங்குத்தந்தையிடம் போனாள். அவர் நல்ல மனிதர். "எனக்குத் தெரியும்மா. நான்தானே ரெண்டு வீட்டையும் விசாரிச்சேன். ஆனா அச்சாகி வந்தத நான் பேனாவால அடிச்சா, அடிச்ச கோட்டுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னுதான் ஊரு குனிஞ்சு பாக்கும். தாளு தானா சுத்தமா வரணும்" என்றார்.

ராணியிடமிருந்து குரல்செய்தி ஒன்று வந்திருந்தது. நாலே வார்த்தை. "இன்னும் ஒரு ஞாயித்துக்கெயம தான்."

அந்த வாரம் நடுவில் ஒரு நாள் ஜெயகுமாரியும் ஆசிக்கும் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றார்கள். காற்றில் பெயிண்ட் பொடி வாடை. ஆசிக் டீயை ஊதினான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. அந்த வெளக்கு கீதுல்ல, யோசிக்கும்போது ஸ்கிரீன்ல சுத்துமே, அத நான் தனியா செஞ்சேன். ஞானதீபத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சும்மா ஒரு படம்."

"அதுக்கு?"

"வெளக்கு சுத்தட்டும். ரோபோ கும்புடட்டும். 'ஞானதீபம் ஆழ்ந்து பரிசீலித்தது'ன்னு ஒரு லைன் வரட்டும். உள்ள போற ஒயர மட்டும் கட் பண்ணிட்லாம். ஓலையில மட்டும் இல்ல, எல்லாத்துலயும். கட்டம் பழையபடி காலியா வரும்."

"அவருக்குத் தெரிஞ்சா?"

ஆசிக் சிரித்தான். "மணியோசை தொடங்கின நாளுலேர்ந்து அவரு ஒரு ஓல அடிச்சுப் பாத்துக்கீறாராக்கா? அவரு பாக்கறது வெளக்கத்தான்."

"தெரிஞ்சா உன் வேலையும் போவும், என் வேலையும் போவும்."

"போனா போவுது. எங்க தெருவுல முகமதுன்னு எத்தினி பேரு கீறாங்க தெரியுமா? நாளைக்கு இந்தாளு நிக்காஹ் ரிஜிஸ்டருக்கு மென்பொருள் செய்யறேன்னு கெளம்பினாருன்னு வச்சுக்கோ, நான் ஊர உட்டே ஓடணும்."

ஜெயகுமாரி இந்த முறை சரியாகச் சோதனை செய்தாள். மணமகன் தந்தை, இக்னேஷியஸ். மணமகள் தந்தை, இக்னேஷியஸ். விளக்கு சுற்றியது. ரோபோ கும்பிட்டது. ஞானதீபம் ஆழ்ந்து பரிசீலித்தது. கட்டம் காலி. அந்தோணிகளைப் போட்டாள், சவரிமுத்துகளைப் போட்டாள். காலி, காலி. இவ்வளவு அழகான ஒரு வெறுமையை அவள் பார்த்ததில்லை. ஒரு முதலாளியை ஏமாற்றுகிறோமே என்று உள்ளே எங்காவது உறுத்துகிறதா என்று தேடிப் பார்த்தாள். அங்கேயும் காலியாகத்தான் இருந்தது. 'தேர்ச்சி' என்று அழுத்தினாள்.

மூன்றாவது ஞாயிறு கோயிலில் கூட்டம் அதிகம். வழக்கமாகச் சாயந்திரப் பூசைக்கு வருகிறவர்கள்கூடக் காலையிலேயே வந்திருந்தார்கள். பக்தி என்று சொல்ல முடியாது.

"மூன்றாம் ஓலை," என்றார் ஆனந்தன். இக்னேஷியஸ், ஜெயகுமாரி, ஆஷ்லி, இக்னேஷியஸ், ராணி, இவான் எல்லாரும் வந்துபோனார்கள். "தடை."

நின்றார். இரண்டு வாரமாக அங்கே ஏதோ இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஒன்றும் இல்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ஜெயகுமாரி முன் பெஞ்சின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்து," என்றார் ஆனந்தன், "புதன்கிழமை நவநாள் வழக்கம்போல நடைபெறும்."

பாதிக் கோயில் ஏமாந்துபோய் உட்கார்ந்தது. பின் பெஞ்சு அம்மாள், "அவ்ளோதானா?" என்றே கேட்டுவிட்டாள். ஜெயகுமாரியின் கைப்பையில் போன் அதிர்ந்தது. ராணி ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை. ஒரு பட்டுப்புடவையின் படத்தை மட்டும் அனுப்பி, கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். இந்தக் கலர் போதுமா என்று அர்த்தம்.

அதற்கு அடுத்த வாரம் முதலீட்டாளர் படியேறி வந்தார். தேவராஜ் அவர் முன்னால் ஓலையைத் திறந்து காட்டினார். விளக்கு சுற்றியது, ரோபோ கும்பிட்டது, ஞானதீபம் ஆழ்ந்து பரிசீலித்தது. கட்டம் காலியாக வந்தது. தேவராஜ் ஒரு கணம் திகைத்தார். அதற்குள் முதலீட்டாளர், "ஒன்றும் சொல்லவில்லையே?" என்றார்.

தேவராஜ் தேவராஜ் என்பதால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் சார் மெச்சூரிட்டி. மத்தவங்க ஏஐ எல்லாம் வாய் ஓயாம பேசும். எங்களுது, சொல்ல ஒன்னும் இல்லன்னா சொல்லாது."

முதலீட்டாளர் மிகவும் மெதுவாகத் தலையாட்டினார். இதுவரை பார்த்த எல்லா நிறுவனங்களிலும் இப்படி ஓர் அடக்கத்தைத் தான் கண்டதில்லை என்றார். ஆசிக் தன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருமினான்.

கல்யாணம் நடந்தது. வரவேற்பு சென்னீர்குப்பத்தில் ஒரு மண்டபத்தில். இரண்டு இக்னேஷியஸும், யாரும் யாரையும் கலந்துகொள்ளாமல், ஒரே நிறத்தில் சந்தனச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். போட்டோக்காரர் அவர்களை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணன் தம்பியா சார்?" என்றார். ஜெயகுமாரியும் ராணியும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த பத்துப் படத்தை மங்கலாக எடுத்தார்.

தேவராஜ் வந்திருந்தார். யாரும் கேட்காமலே மைக்கை வாங்கினார். இந்தத் திருமணம் இரண்டு மனங்களின் சங்கமம் மட்டுமல்ல, பாரம்பரியமும் தொழில்நுட்பமும் கைகோத்த தருணம் என்றார். ஒரு சிறு சோதனைக் கட்டத்துக்குப் பிறகு, இந்தத் தம்பதிக்கு எந்தத் தடையும் இல்லை என்று உலகத்திலேயே முதன்முதலாக உறுதிசெய்தது ஞானதீபம்தான் என்றார். மணமக்களுக்கு ரோபோ படம் போட்ட கேடயம் ஒன்றைக் கொடுத்தார். இவான் அதை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், பிரியாணி வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மண்டபத்தை விட்டு இறங்கும்போது தேவராஜ் ஜெயகுமாரியின் தோளருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார். ஞானதீபம் இப்போது எல்லாக் கோயில்களுக்கும் பிடித்துவிட்டதாம். ஒரு புகாரும் வரவில்லையாம். அடுத்த வெர்ஷனில் மணியோசை முழுவதையும் ஏஐ-யாகவே மாற்றிவிடப் போகிறாராம்.

"சரி சார்," என்றாள் ஜெயகுமாரி.

ஞானஸ்நானச் சான்றிதழை அச்சடித்தால் இன்றைக்கும் கூடவே ஒரு வெற்றுத்தாள் வருகிறது.